நாத்தனார் தலைவலி

குழாய்க்காரர் ஒரு இணைப்பை முடித்துவிட்டால், கட்டைவிரலில் பச்சைப் பெயிண்டைத் தொட்டு அதன் மேல் ஓர் அழுத்து அழுத்துவார். அதுதான் அவர் கையெழுத்து. கசிந்தால் என்னிடம் வா என்று அர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் போனதில்லை. ஊரில் எந்தச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாலும் அந்தப் பச்சை ரேகை தெரியும். அடுத்த வீட்டுத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறவர்களுக்கு அந்தத் தெருவில் பஞ்சமே இல்லை என்பதால், இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

குழாய் என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரே கொள்கை. ஆடக் கூடாது. யார் வீட்டுக்குப் போனாலும், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சுவரோரக் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார், குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி. ஆடினால் முகம் சுருங்கிவிடும். "யாரு போட்டது இது?" என்பார், ஏதோ கொலையைக் கண்டுபிடித்துவிட்டதுபோல.

அவர் மனைவி தையல்காரி. முன்னறை ஜன்னலோரமாக மிஷின். வாயில் எப்போதும் நாலு குண்டூசி. அதனால் அவள் அதிகம் பேசாதவள் என்று தெருவில் ஒரு பெயர் இருந்தது. உண்மையில் அவளுக்குப் பேச நிறைய இருந்தது. குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசும் அளவுக்கு முக்கியமாக எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

அவர்களிடம் ஒரு சாம்பல் நிறக் கார் உண்டு. யாரோ ஓட்டிக் கழித்ததை எட்டு வருஷம் முன்னால் வாங்கியது. ஐந்து மாதத்துக்கு முன்பு ஒருநாள் காலையில் அது திடீரென்று கத்தத் தொடங்கியது. ஸ்டார்ட் செய்த சத்தத்தில் மாடிவீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பேப்பரைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். சத்தம் இல்லாவிட்டாலும் அவர் எட்டிப் பார்க்கிறவர்தான், அன்றைக்கு ஒரு காரணம் கிடைத்தது.

குழாய்க்காரர் காரை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சைலன்சர் கடைக்குக் கொண்டுபோனார். கடையை நடத்துகிறவள் முப்பது வயசுப் பெண். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் சறுக்கிப் போய், அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அண்ணே, ஃப்ளெக்ஸ் பைப் கிழிஞ்சிருக்கு. புதுசு வரவழைக்கணும், நாலு நாள் ஆகும். எஞ்சினத் தாங்குற ரப்பர் மவுண்டிங்கையும் ஒருதரம் பாத்துரலாம்."

"எது கிழிஞ்சிருக்கு?"

காட்டினாள். எஞ்சினிலிருந்து இறங்கி வரும் இரும்புக் குழாய்க்கும், பின்னால் சைலன்சருக்குப் போகும் குழாய்க்கும் நடுவில், ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி வலையால் பின்னிய ஏதோ ஒன்று. பழைய காலுறையை மாட்டிவிட்ட மாதிரி. குழாய்க்காரர் பழக்கதோஷத்தில் அதைப் பிடித்து ஆட்டினார். ஆடியது.

"இரும்புப் பைப்புக்கு நடுவுல துணியக் கட்டினது யாரு பாப்பா?"

"துணி இல்லண்ணே. ஸ்டீல் வலை."

"எதுவா இருந்தா என்ன, ஆடுதே!"

"ஆடத்தாண்ணே அது."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு குழாய்க்காரர் ஒரு வாரம் தெருவைச் சிரிக்க வைத்தார். மளிகைக் கடையில் சோப்பு வாங்கும்போதுகூட, "கேட்டீங்களா, ஆடறதுக்குன்னே பைப் வெக்கிறாங்களாம்!" என்று வயிறு குலுங்கினார். நாலு நாள் காத்திருக்கவும் இல்லை. கிழிந்ததை அறுத்து எறிந்துவிட்டு, அதே அளவில் நல்ல கனமான தண்ணீர்க் குழாய் ஒரு துண்டை வைத்து, தன் கையாலேயே வெல்டிங் அடித்தார். பச்சை ரேகையும் வைத்தார். சத்தம் சுத்தமாக நின்றது. தெருவைக் கூப்பிட்டுக் காட்டினார். போஸ்ட்மாஸ்டர் பானெட்டில் காதை வைத்துக் கேட்டு, "குழந்தை தூங்குற மாதிரி இருக்குய்யா" என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புருஷனும் மனைவியும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போவார்கள். ஊரின் அந்தக் கோடி, நாற்பது நிமிஷம், கடைசியில் ஒரு நீளமான ஏற்றம். அந்த அக்காவைத் தெருவே நாத்தனார் என்றுதான் சொல்லும். தையல்காரிக்குத்தான் நாத்தனார், ஆனால் அந்த அம்மாளின் வாய்க்கு ஒரு தெருவுக்கே நாத்தனாராக இருக்கும் தகுதி உண்டு.

முதல் சில வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஞாயிறு, போய் இறங்கியதும் தையல்காரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டாள். தலை பிளக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். சமைத்ததைத் தொடவில்லை. அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும். திங்கள் முதல் சனி வரை ஒன்பது மணி நேரம் மிஷினை மிதிக்கிறவளுக்கு ஒரு நாள் தலைவலி கிடையாது. ஞாயிறு நாத்தனார் வாசலில் இறங்கினால் மட்டும் வரும்.

"என் வீட்டு வாசப்படிக்கு அவ்வளவு பவரு" என்று நாத்தனார் போன் போட்டு நாலு பேரிடம் சொன்னார். நாலு பேரில் ஒருத்தர் மளிகைக் கடைக்காரரின் மனைவி. போதாதா? செவ்வாய்க்கிழமைக்குள் நோய்க்குப் பேர் வைத்தாகிவிட்டது: நாத்தனார் தலைவலி. தெருவிலுள்ள மற்ற பெண்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். "இந்த ஞாயித்துக்கிழமை எனக்கும் அது வரும்போல இருக்குடி" என்று கண்ணடித்துச் சொல்லுவார்கள்.

குழாய்க்காரருக்கும் அங்கே போனால் ஒன்று வரும். சாப்பிட்ட கையோடு இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவார். அக்காவின் கைமணம் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் ஓர் ஆம்பிளை சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதை யார் நோய் என்று சொல்லப் போகிறார்கள்?

இன்னொன்றும் தெரு கவனிக்கவில்லை. கார் ஓட்டும்போது அவர் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியிருக்கும், முழங்கை வெளியே இருக்கும். அந்த முழங்கை மட்டும் இன்னொன்றைவிட ஒரு சாயல் கறுப்பு. அவள் பக்கத்துக் கண்ணாடி இறங்காது. அதைச் சுற்றுகிற கைப்பிடி இரண்டு வருஷத்துக்கு முன்னால் உடைந்து போனது. "இந்த வாரம் போட்டுடறேன்" என்று குழாய்க்காரர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊர்க் குழாயெல்லாம் அவரைக் கூப்பிடும்போது சொந்தக் கார்க் கைப்பிடிக்கு எங்கே முறை வரும்?

ஒரு ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்ததும் தையல்காரி கேட்டாள்.

"நான் நடிக்கிறேன்னு நெனைக்கிறீங்களா?"

"யாரு சொன்னா அப்படி?"

"யாரு சொன்னான்னு கேக்கல. நீங்க நெனைக்கிறீங்களான்னு கேட்டேன்."

குழாய்க்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. மூடினார். அந்த நேரமே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"சரி" என்றாள். "அடுத்த மாசம் எங்க அண்ணன் வீட்டு மாடி காலியாகுது. மிஷினத் தூக்கிட்டுப் போக அரை நாள் ஆகாது. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தும் என் தலை வலிக்குதுன்னு நான் சொன்னா நம்ப முடியலன்னா, வேற எதைச் சொல்லி நான் இங்க இருக்கறது?"

அன்றைக்கு அவள் வாயில் ஒரு குண்டூசி இல்லை என்பதைக் குழாய்க்காரர் பிறகுதான் யோசித்தார்.

அடுத்த ஞாயிறு அவள் காரில் ஏறவில்லை. நாத்தனார் வீட்டுக்குப் போகாமலும் இருக்கவில்லை, அந்தப் பேச்சுக்கு இடம் கொடுப்பானேன்? குழாய்க்காரர் காரில் போக, அவள் பஸ் ஏறிப் போனாள். குளித்த முகத்தோடு போய் இறங்கினாள், இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள், பாத்திரம் துலக்கினாள், நாத்தனார் சொன்ன ஒரு ஜோக்குக்குச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

நாத்தனார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாள் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"அப்ப தலைவலி நான் இல்லடா தம்பி! நீதான்!"

தையல்காரி ஏறிய பஸ் திரும்பி வருவதற்கு முன்பே அந்தச் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. நோய்க்குப் பேர் மாற்றமும் ஆயிற்று: புருஷன் தலைவலி. மறுநாள் குழாய்க்காரர் மளிகைக் கடைப் படியில் கால் வைத்ததும் உள்ளே பேச்சு பட்டென்று நின்றது. இருபத்தாறு வருஷமாக அடைப்பு எடுப்பவருக்கு, எது தானாக நின்றது, எதை யாரோ மூடினார்கள் என்று தெரியாதா? சோப்பு வாங்காமலே திரும்பிவிட்டார்.

வியாழக்கிழமை நாத்தனாருக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. தம்பி காரை எடுத்துக்கொண்டு போனார். நாத்தனார் முன்சீட்டில், தையல்காரியின் இடத்தில், மூடிய கண்ணாடியோரம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தம்பி பெண்டாட்டியைப் பற்றி, அவள் அண்ணனைப் பற்றி, அந்த மாடியைப் பற்றி. பாதி வழியில், ஒரு வாக்கியத்தின் நடுவில், பேச்சு நின்றது.

அந்த அம்மாள் வாக்கியத்தின் நடுவில் நின்று யாரும் கேட்டதில்லை. குழாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகம் நனைந்த சாம்பல் மாதிரி இருந்தது.

"தம்பி, நிறுத்துடா."

நிறுத்தினார். நாத்தனார் சாலையோரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். ஓரக்கல்லில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "பிளக்குதுடா" என்றார். தையல்காரி சொல்லும் அதே வார்த்தை.

குழாய்க்காரருக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்ப நான் இல்ல! மறுநொடி அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலிருந்து வேறொன்று மெதுவாக எழுந்து வந்தது. அக்காவும் இல்லை. நானும் இல்லை. அப்படியானால் அந்த சீட்.

போய் அந்த சீட்டில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, காற்று வருவதற்கான ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டு வருஷத்தில் அவர் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மூக்கை அந்தக் காற்றோட்ட ஓட்டைக்கு முன்னால் கொண்டுபோனார். கேஸ் லைனில் கடுகளவு கசிந்தாலும் வாசலிலேயே பிடித்துவிடும் மூக்கு அது. தூசி வாசனைக்கு அடியில், மெலிசாக, தீய்ந்த புகை.

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். கட்டைவிரலைப் பார்த்தார். நகக்கண்ணில் பச்சை இன்னும் போகவில்லை.

"அக்கா, பஸ்ல போயிடலாமா?"

"நானா? பஸ்ஸுலயா?" என்றார் நாத்தனார், வாந்தி எடுத்த வாயோடு. "அப்ப காரு?"

"அது இங்கயே கிடக்கட்டும்."

மறுநாள் அவர் மனைவியிடம், "சைலன்சர் கடை வரைக்கும் வர்றியா?" என்று கேட்டார்.

"எதுக்கு? அங்கயும் என் தலைக்குப் பரீட்சையா?"

"இல்ல. என் கைக்கு."

அவள் குண்டூசியை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். பஸ்ஸில் வந்தாள். அவர் ரோட்டோரம் விட்டு வந்த காரை எடுத்து, நாலு கதவுக் கண்ணாடியில் இறங்குகிற மூன்றையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டி வந்தார். அந்தக் கோலத்தைப் போஸ்ட்மாஸ்டர் மட்டும் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

கடைக்காரி காருக்கு அடியில் சறுக்கிப் போனாள்.

"அண்ணே, இது தண்ணிப் பைப்புதானே?"

மனைவி பக்கத்தில் நிற்கிறாள். குழாய்க்காரர் தொண்டையைச் செருமினார். "யாரோ ஒரு மடையன் போட்டிருக்கான்மா."

"மடையன் பச்ச ரேகை வெச்சிட்டுப் போயிருக்கான்ணே" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "எங்க கடை வாஷ்பேசினுக்குக் கீழகூட இதே ரேகை இருக்கு."

தையல்காரி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா என்று குழாய்க்காரர் பயந்துபோனார். அழவில்லை.

கடைக்காரி பின்னால் புகை வெளியேறும் வால்குழாயில் ஒரு ஊதுகருவியைச் செருகி, உள்ளே காற்றை விட்டாள். பிறகு சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். குழாய்க்காரருக்கு முகம் சுட்டது. கேஸ் லைன் போட்டால் அவரே செய்கிற சோதனை. ஊரில் எத்தனை இணைப்புக்குச் செய்திருப்பார்! மனைவி உட்காருகிற காருக்குச் செய்யத் தோன்றவில்லை.

அவர் போட்ட துண்டின் மேல் சோப்புத் தண்ணீர் வழிந்தது. ஒரு குமிழி இல்லை. அந்த நேரத்திலும் அவருடைய தாடை ஓர் அங்குலம் நிமிர்ந்தது. கடைக்காரி பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்பக்கம், புகைக்குழாய் தொடங்குகிற கழுத்தில் தெளித்தாள். அங்கே நுரை பொங்கியது. பொங்கிப் பொங்கி வழிந்தது.

"உங்க வெல்டிங் பிரமாதம்ணே" என்றாள். "அதான் பிரச்சனையே."

காரை வெளியில் தள்ளி நிறுத்தி ஸ்டார்ட் செய்தாள். "அக்கா, கதவத் திறந்து வெச்சிட்டு, வெளிய நின்னபடியே ஆக்ஸிலரேட்டர லேசா மிதிங்க. அண்ணே, நீங்க எஞ்சினப் பாருங்க."

தையல்காரி ஒரு காலை மட்டும் உள்ளே விட்டு மிதித்தாள். மிதித்துப் பழகிய கால். எஞ்சின் சாய்ந்தது. அவ்வளவு பெரிய இரும்பு, மூட்டை தூக்குகிறவன் தோளைச் சாய்ப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்து, காலை எடுத்ததும் திரும்பி வந்தது. குழாய்க்காரர் எட்டு வருஷமாகப் பானெட்டைத் திறந்து எண்ணெயும் தண்ணீரும் பார்த்திருக்கிறார், எப்போதும் வண்டியை அணைத்துவிட்டு. இது இப்படி ஆடும் என்று அவருக்குத் தெரியாது.

"இத்தனை கனமும் ரப்பர் மேல உக்காந்திருக்குண்ணே. இறுக்கிப் போட்டா கார் முழுக்க உதறும், அதனால ஆட விட்டிருக்காங்க. பின்னாடி சைலன்சர் கார் பாடில தொங்குது. முன்னாடி ஆடுது, பின்னாடி ஆடல. நடுவுல யாராவது ஒருத்தர் சமாளிச்சாகணும்ல?"

தையல்காரி காரின் கூரைக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"நீங்க அந்த ஒருத்தர எடுத்துட்டு தூணை நட்டுட்டீங்க. ஆட்டம் போக வழி இல்லாம மேல போய் கழுத்தை உடைச்சிருச்சு. உங்க பைப் அசையல, அது மேல இருந்தது பிளந்திருச்சு. அங்கேர்ந்து வர்ற புகை, முன் கண்ணாடிக்குக் கீழ காத்து உள்ள போற வழியா நேரா அக்கா மூஞ்சிக்கு." கையைத் துடைத்துக்கொண்டாள். "புகைல வாசனையே இல்லாத ஒரு விஷம் உண்டு. அதுதான் தலையப் பிடிக்கும். இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலா போற ஊரா இருந்திருந்தா அக்கா தூங்கியிருப்பாங்க. எழுப்பியிருக்க முடியாது. முதல்ல அவங்கள டாக்டர்ட்ட காட்டுங்க. நீங்களும் காட்டிக்கங்க."

அக்காவின் கைமணம் என்று நினைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் குழாய்க்காரருக்கு நினைவு வந்தது. பழைய டயர் ஒன்று கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்தார்.

"நீ பொய் சொல்லல" என்றார் கடைசியில், தரையைப் பார்த்து.

"தெரியும்" என்றாள் தையல்காரி.

டாக்டர் இருவரையும் பார்த்து, ரத்தம் எடுத்து, அந்தக் காரில் இனி ஏறினால் என்னிடம் வராதீர்கள் என்று திட்டி அனுப்பினார். நாலு நாள் கழித்துப் புது ஃப்ளெக்ஸ் பைப் வந்துவிட்டது என்று கடையிலிருந்து போன் வந்தபோது, தையல்காரி கேட்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடைக்காரி அன்றைக்கு ஒரு காரியம் செய்தாள். குப்பைக் குவியலிலிருந்து பழைய ஃப்ளெக்ஸ் பைப் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் அறுத்து, புத்தகம் மாதிரி விரித்துக் குழாய்க்காரரின் கையில் கொடுத்தாள். வெளியே அந்த வலை. வலைக்குள் ஒரு குழாய், முழுக்க மடிப்பு மடிப்பாக, வளையத்துக்கு மேல் வளையமாக, காகிதக் கனத்தில் எஃகு. அதற்குள் இன்னொன்று, பட்டையைச் சுருட்டி ஒன்றோடொன்று கோத்தது.

"உள்ள இருக்கறது நெருப்புக் காத்து நேரா படாம காப்பாத்தும். மடிப்புதான் புகைய வெளிய விடாம பிடிச்சுக்கும். வலை, மடிப்பு அளவுக்கு மேல நீளாம பாத்துக்கும்."

அவர் கட்டைவிரலால் மடிப்பை அழுத்தினார். அமுங்கியது. விட்டார், வந்தது. உள்ளங்கையில் ஏதோ பறவையை வைத்திருக்கிற மாதிரி இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை குழாய் தொட்டிருப்பார்! இப்படி ஒன்று கைக்கு வந்ததில்லை. வந்தது, அறுத்து எறிந்தார்.

தையல்காரி அதை வாங்கி, மடிப்புகளின் மேல் விரலை ஓட்டினாள். "அக்குள்ல கூடுதல் துணி விடாம தெச்சா, கையத் தூக்கும்போது எங்க கிழியும்?"

"தோள்ல!" என்றாள் கடைக்காரி.

"தோள்லதான்."

இரண்டு பெண்களும் ஒருத்தரையொருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். குழாய்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த அறிவு இத்தனை வருஷமாகத் தன் வீட்டு முன்னறையில், ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறது! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உடைந்த கழுத்தை மாற்றி, புது ஃப்ளெக்ஸை மாட்டி, எஞ்சினுக்கு அடியில் செத்துப்போயிருந்த ரப்பர் மவுண்டிங் ஒன்றையும் கழற்றிக் காட்டினாள். "இது போய் ரெண்டு வருஷமாவது இருக்கும்ணே. இதோட வேலையையும் உங்க பழைய பைப்புதான் சேத்துப் பாத்திருக்கு. அதான் கிழிஞ்சுது, பாவம்."

வால்குழாயில் பெரிய ரப்பர் குழாயை மாட்டிப் புகையை வெளியே விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் நின்று பார்க்க வெட்டியிருந்த பள்ளத்துக்குள் குழாய்க்காரரை இறக்கினாள். மேலே தையல்காரியின் கால். எஞ்சின் உயிர் வந்து ஒரு உலுக்கு உலுக்கியது. அவர் முகத்துக்கு இரண்டு முழம் மேலே அந்த ஒரு சாண் பைப் அந்த உலுக்கலை வாங்கிக்கொண்டது. சுருங்கியது, நீண்டது, பக்கவாட்டில் வளைந்தது, திரும்பி வந்தது. உள்ளே நெருப்பாகக் கொதிக்கும் காற்று நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இடித்துக்கொண்டு ஓடுகிறது, காகிதக் கனத்துச் சுவருக்குப் பின்னால். ஒரு சாண் தள்ளி, நீளக் குழாயின் அடியில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்காரர் அந்தச் சொட்டையே பார்த்தார். இந்தப் பக்கம் அத்தனை ஆட்டம். அந்தப் பக்கம் சொட்டு லேசாக நடுங்கியது. விழவில்லை.

ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும், ஒவ்வொரு கியருக்கும், ஒவ்வொரு குழிக்கும், எட்டு வருஷம். அக்கா வீட்டு ஏற்றத்தில் நானூறு ஞாயிறு. ஒரு முனகல் இல்லை. அதைத்தான் சாக்கடையில் கிடந்த காலுறை மாதிரி இரண்டு விரலால் தூக்கி எறிந்துவிட்டு, தெருவைக் கூட்டிச் சிரித்தார்.

"போதுமாங்க?" என்று மேலேயிருந்து தையல்காரி கேட்டாள்.

"இன்னொரு தரம்" என்றார்.

அவர் மேலே ஏறி வந்ததும் கடைக்காரி விரலை மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். வருஷத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்க்க வேண்டும், வலையில் கரிக்கறை தெரிந்தால் கசிகிறது, கம்பி பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டும்.

"காலைல ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக்னு கேட்டா அன்னிக்கே வாங்க. அப்புறம், பின்னாடி சைலன்சரத் தூக்கிப் பிடிக்கிற ரப்பர் வளையம் அறுந்தா விட்டுராதீங்க."

"அறுந்தா என்னம்மா ஆகும்?"

"மொத்தக் கனமும் இது தலைல இறங்கும். இது ஆடறதுக்குத்தான். சுமக்கறதுக்கு இல்ல."

"சுமக்கறதுக்கு இல்ல" என்று குழாய்க்காரர் பாடம் ஒப்பிக்கிற மாதிரி திரும்பச் சொன்னார். ஊருக்கே உத்தரவு போடுகிற மனுஷன். அவர் 'பாப்பா'வை விட்டுவிட்டு 'அம்மா'வுக்கு மாறிவிட்டதைத் தையல்காரி கவனித்தாள். பேச்சு பாதியில் இருக்கும்போதே அவர் கை தானாகப் பையிலிருந்த பெயிண்ட் டப்பாவுக்குப் போய், அவர் காருக்கு அடியில் குனிய, கட்டைவிரல் பச்சையோடு பைப்பை நோக்கி நீண்டது.

"அண்ணே! அது மேல எதையும் பூசாதீங்க!"

விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை அவர் காரை வீட்டு வாசலில் எடுக்காமல், மளிகைக் கடைக்கு நேர் எதிரே கொண்டுபோய் நிறுத்தினார். சக்கரத்துக்கு நாலு செங்கல் வைத்தார். பானெட்டைத் திறந்தார். போஸ்ட்மாஸ்டர் படியிறங்கி வர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மளிகைக் கடைக்காரர் எடைபோட்டுக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

"தலைவலிக்குப் பேரு வெச்சீங்கல்ல" என்றார் குழாய்க்காரர். "ரெண்டு தரம் வெச்சீங்க. ரெண்டும் தப்பு. அது என் வெல்டிங் தலைவலி. நான் போட்ட பைப்பால இவ விஷத்தக் குடிச்சிட்டு இருந்தா. சொன்னா, நான் நம்பல. எல்லாரும் கேட்டுக்கங்க."

தெரு வாயடைத்து நின்றது. சேதியைத் துருவி எடுத்துத்தான் அதற்குப் பழக்கம். இப்படித் தானாக வந்து மடியில் விழுந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மளிகைக் கடைக்காரர் மட்டும் தையல்காரியைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா, பேரு நான்தான் வெச்சேன்" என்று முனகினார்.

"நல்ல பேருதான். நாத்தனார்கிட்ட சொல்லாதீங்க" என்றாள் அவள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மிதித்தாள்.

போஸ்ட்மாஸ்டர் அன்றைய பேப்பரைத் தரையில் விரித்து, அதன் மேல் கன்னத்தை வைத்து, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். எட்டிப் பார்ப்பதற்கென்றே பிறந்த மனுஷன், இவ்வளவு நேரம் பேசாமல் பார்த்து யாரும் கண்டதில்லை.

"என்னய்யா இது... மூச்சு விடுது! பைப் ஆடுதேய்யா!"

"ஆடத்தான் அது" என்றார் குழாய்க்காரர்.

வரிசையில் நின்று பார்த்தார்கள். சிலர் இரண்டு தரம் பார்த்தார்கள். கிளம்ப அரை மணி தாமதமாயிற்று.

தையல்காரி சீட் மாறி உட்கார்ந்தாள். கதவில் வைத்த கை நின்றது. கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடி, புதுசு. அதன் நடுவில் பச்சையாக ஒரு கட்டைவிரல் ரேகை. சுற்றினாள். கண்ணாடி இறங்கியது. ஏற்றினாள். திரும்பவும் இறக்கினாள்.

"இதுக்கு ரெண்டு வருஷம்."

"ம்."

பெரிய குழி ஒன்று வந்தது. அவர் பிரேக்கைத் தொட்டு, முட்டையை வைத்திருக்கிற மாதிரி இறக்கி ஏற்றினார். கீழே அது வளைந்து கொடுப்பதை மனசுக்குள் பார்த்தார். சத்தமே இல்லை. மேலே கார் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் கேட்டார். "தலை எப்படி இருக்கு?"

"இருக்கற இடத்துலதான் இருக்கு. ரோட்டப் பாருங்க."

கொஞ்ச தூரம் ரோட்டைப் பார்த்தார். "உங்க அண்ணன் வீட்டு மாடி..."

"வேற ஆள் வர்றாங்களாம்." காற்றில் பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "நேத்துதான் வாடகைக்கு விட்டுரச் சொன்னேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனார் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். கார் நின்றதும் தம்பியைப் பார்க்கவில்லை. நேராக அவள் பக்கம் வந்து, இறங்கியிருந்த கண்ணாடி வழியாகக் குனிந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல அண்ணி" என்றாள் தையல்காரி. "பசிக்குது."